காலியாக விட இயலாது

தை முடியப்போகிறது.
குலசேகரம் முழுக்க ரப்பர் மரங்கள்
இலையை உதிர்த்துப்போட்டு நிற்கின்றன.
வெட்டு இல்லை.
சிரட்டைகள் கம்பி வளையத்தில் கவிழ்ந்திருக்கின்றன.
மரத்துக்கு லீவு.
ஒரு படிவமும் நிரப்பவில்லை அது.

நான் நிரப்புகிறேன்,
பால் கொள்முதல் நிலையத்தின் கணினி அறையில்.
அறை என்றால்
ஒட்டுப்பால் மூட்டைகளுக்கும் கழிப்பறைக்கும் நடுவே
ஒரு பிளைவுட் தடுப்பு.
ஏழு வருடத்து நாற்றம் என் சட்டைகளுக்குத் தெரியும்.

விடுப்பு விண்ணப்பம் திறக்கிறது.
இதை எழுதினவனும் நான்தான்,
வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை,
எல்லாவனும் பொய் சொல்லி லீவு எடுக்கான் என்று
வில்பிரட் சார் சலித்துக்கொண்ட வாரம்.

பதினொரு நாள்.
காரணம் என்ற கட்டத்தைத் தொடாமல் அனுப்பினேன்.
சிவப்பில் வந்தது:
காலியாக விட இயலாது.
என் வாக்கியம்.
எவ்வளவு விறைப்பாக எழுதியிருக்கிறேன்,
ஒரு தயவுசெய்து கூட இல்லாமல்.

வீட்டில் கல்யாணம் இல்லை.
மஞ்சள்காமாலை இல்லை. நேர்ச்சை இல்லை.
சும்மா என்று அடித்தேன்.
குறைந்தது பத்து எழுத்து வேண்டும் என்றது.
அதுவும் நான் வைத்ததே,
லில்லிபாய் ம் என்று மட்டும் போட்டு
இரண்டு நாள் திற்பரப்புக்குப் போய்வந்த பிறகு.

அடுத்த கட்டம், பொறுப்பேற்பவர்.
கணினிப் பிரிவைத் தொட்டால்
கீழே இறங்குவது ஒரே பெயர்.
அதைத் தொட்டால்
தமக்குத் தாமே பொறுப்பேற்க முடியாது.

அப்படியா.
பின்னே இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தேன்.

பஸ் டிப்போ பக்கத்தில் எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.
எடைமேடை கம்ப்யூட்டரோடு பேசாவிட்டால்
வயரைப் பிடுங்கி, பத்து எண்ணி, திரும்பக் குத்தவும்.
டி.ஆர்.சி. நாற்பத்தைந்தைத் தாண்டினால் நம்பவேண்டாம்,
புள்ளி இடம் மாறியிருக்கும்.
சுருளகோட்டில் இரண்டு செல்லப்பன் உண்டு;
பணம் மாறி விழுந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே வருவார்கள்.
கரண்ட் போய்வந்தால் சர்வர்
இரண்டாயிரமாவது வருடத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கும்.
பதறாமல் கூட்டிவரவும்.
ராத்திரிக் கணக்கு தானாக ஓடும்.

கடைசி வரியில் பேனா நின்றது.

ஒன்பதரைக்கு, வீட்டில்,
வலது கையில் மீன்குழம்புச் சோறு,
இடது பெருவிரலால் போனில் நான் தட்டுவதுதான்
அந்தத் தானாக.
மழையிலும் தட்டினேன்.
மகள் பிறந்த ராத்திரி
ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று தட்டினேன்.

அடித்துவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன்.
நாலே வரி.
இருபது நிமிடம்.
இனி நிஜமாகவே தானாக ஓடும்.
ஏழு வருடம் இதை ஏன் எழுதவில்லை என்று
எந்தக் கட்டமும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
பத்து எழுத்துக்குள் முடியாது.

நோட்டை எடைமேடை யேசுவடியானிடம் கொடுத்தேன்.
முதல் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார்.
"இதையெல்லாம் எழுதணுமாடே?
நீ பனிச்சுக் கெடந்தப்பம்
நாந்தான வயரைப் புடுங்கிக் குத்தினேன்."
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
எனக்கு அது சந்தோஷமா என்று
இன்னும் தெரியவில்லை.

பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தேன்.
காரணக் கட்டத்தின் கட்டாயத்தை
ஒரு சொல்லை அழித்தால் எடுத்துவிடலாம்.
எடுக்கவில்லை.
சன்னலுக்கு வெளியே எலும்பாய் நின்ற மரங்களைப் பார்த்து
வெட்டு இல்லாத நாட்கள்
என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.

ஐந்து நிமிடத்தில் வில்பிரட் சார் கூப்பிட்டார்.
"லீவு தந்தாச்சு. ஆனா அந்தக் காரணத்துல
என்னமோ மாறி விழுந்திருக்கு, பாத்துக்க.
போறதுக்கு முன்ன
அதை ஒண்ணு சரியாக்கிட்டுப் போ."